சொட்டு விழும் இடம்

பிப்ரவரி 3

இன்ஜினின் பின்பக்கம், சக்கர மூடிக்கு அடியில், ஒரு கறுப்புச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். விழப் போகிறது, விழப் போகிறது என்று இருந்தது, விழவில்லை. எண்ணத் தொடங்கினேன். நூற்றுப் பன்னிரண்டில் விழுந்தது. கீழே பில்ஜ் தண்ணீரில் பட்டதும் அது கறுப்பாக இல்லை. மெல்ல விரிந்து ஊதாவானது, பச்சையானது, மயில் கழுத்தானது. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியவில்லை, எழுந்தபோது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

பில்ஜ் என்பது படகின் அடிப்பலகைக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் பள்ளம். தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடும், தண்ணீரைக் கடலில் கொட்டிவிட்டு நிற்கும். அங்கே விழுவது எதுவும் அங்கேயே தங்காது.

பிப்ரவரி 4

ஆயில் சீல்தான், எண்ணெயை உள்ளே அடைத்துவைக்கிற ரப்பர் வளையம். இறுகிப்போய்விட்டது. மாற்றவேண்டுமென்றால் கியர் பெட்டியைக் கழற்றி, இன்ஜினைத் தூக்கி, படகைக் கரையில் ஏற்றவேண்டும். எப்படியும் இரண்டு வாரம்.

கடல்புல் திட்டத்தை நடத்தும் யசோதரா மேடம் இந்த வருஷம் நானூறு சட்டம் இறக்கவேண்டும் என்கிறார். மூங்கில் சட்டத்தில் கடல்புல் நாற்றைக் கட்டிக் கடல்தரையில் பதிக்கிற வேலை. கடல் இப்படிப் படுத்துக் கிடப்பது ஏப்ரல் கடைசி வரைக்கும்தான். காலையில் படகில் ஏறும்போது என்னைக் காட்டி, "பிரகாசி இருக்குறவரைக்கும் இன்ஜினைப் பத்தி நான் யோசிக்கிறதே இல்ல, பாய்" என்று கபூர் பாயிடம் சொன்னார். பாய்தான் எங்கள் சிராங்கு, படகை ஓட்டுபவர். "அதுக்கு இருமல் வந்தாக்கூட தங்கச்சி கஷாயம் குடுத்துரும்" என்றார் அவர்.

இன்ஜின் புத்தகத்தில் "ஆயில் கசிவு" என்று ஒரு கட்டம் உண்டு. "இல்லை" என்று எழுதினேன். ஒரு சொட்டுதானே.

பிப்ரவரி 9

பிஸ்கட் டின்னை வெட்டி, விளிம்பை மடித்து, சொட்டு விழும் இடத்தில் வைத்தேன். துறையில் நிற்கும்வரை நன்றாக இருந்தது. அலைவாயைத் தாண்டும்போது படகு ஒருபக்கம் சாய்ந்தது, டின்னும் சாய்ந்தது. மூன்று நாள் சேர்ந்தது ஒரே நொடியில் பில்ஜில்.

மதியம் நங்கூரம் போட்டு நின்றோம். முக்குளிக்கிற இருவரும் கீழே இருந்தார்கள். மேடம் மேலே படுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்ஜின் குழியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தேன். எல்லாம் வெள்ளையாக இருந்தது. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. படகு காற்றில் நிற்பதுபோல இருந்தது.

அப்போது பம்பு ஓடியது. பக்கவாட்டிலிருந்து ஒரு வானவில் மெதுவாக வெளியே வந்து, வெள்ளைமேல் படர்ந்து போயிற்று.

யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 12

பழைய துணிக் கழிவைப் பில்ஜில் போட்டுப் பார்த்தேன். எண்ணெயைக் குடிக்கும் என்று நினைத்தேன். அது தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக் கனத்து, மிதவையில் சிக்கிக்கொண்டது. பம்பு ஓடவில்லை. தண்ணீர் பலகைவரை வந்துவிட்டது. கையை முழங்கைவரை விட்டு அதை எடுத்தேன்.

கபூர் பாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன தங்கச்சி, கலர் கலரா மிதக்குது?"

"முந்தி இங்க நின்ன போட்டோடதா இருக்கும் பாய்."

"ஆமா, ஆமா. இவனுங்களுக்கு என்ன" என்று பீடியைப் பற்றவைத்தார்.

பிப்ரவரி 15

சோப்புப் பொடி! இத்தனை நாள் தோன்றவேயில்லை. எண்ணெய்ப் பாத்திரம் கழுவுவது மாதிரிதானே. இரண்டு கை அள்ளிப் பில்ஜில் போட்டுக் கலக்கினேன். மயில் கழுத்து போய்விட்டது. தண்ணீர் பால் மாதிரி ஆனது. பம்பு ஓடியபோது போய்ப் பார்த்தேன். கொஞ்சம் நுரை வந்தது, மேலே ஒரு கோடுகூட நிற்கவில்லை.

இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆறு வருஷமாக வீட்டில் ஒரு தட்டுதான். ஆனாலும் ஒருவருக்குப் பரிமாறுவது மாதிரி வாழையிலை போட்டுச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19

திட்டத்தைப் பார்க்கப் புதுதில்லியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேடம் என்னை அழைத்து முன்னால் நிறுத்தினார். "இந்தக் கடற்கரையில இன்ஜின் லைசென்ஸ் வெச்சிருக்குற ஒரே பொண்ணு. இவங்க போட்டுல ஒரு சொட்டு எண்ணெய் வெளிய பாக்க முடியாது." அவர்கள் கைகொடுத்தார்கள். என் கையில் கிரீஸ். துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

பிறகு மேடம் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஒரு கட்டுப் புல்லை வைத்துக் காட்டினார். வெயில் பட்டதும் இலை நுனியில் சின்னச் சின்னக் குமிழி கோத்துக்கொண்டது. "மூச்சு விடுது பாருங்க பிரகாசி" என்றார். நானும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டேன்.

மதியம் குழிக்குள் கண்ணயர்ந்தபோது, அடிப்பலகையின் இடுக்குவழியே புல் முளைத்து, இன்ஜினைச் சுற்றி இடுப்பளவு ஆடுகிற மாதிரி கனவு. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தமே வரவில்லை.

பிப்ரவரி 27

அரை லிட்டர் ஆயில் ஊற்றினேன். மூன்று கை பொடி. கடல் கண்ணாடி. புத்தகத்தில்: இல்லை.

மார்ச் 6

முதல் வரிசைச் சட்டங்கள் பழுத்துவிட்டன. பழுத்தது என்று மேடம்தான் சொன்னார், இலை பழுப்பாகி வழவழத்துச் சாய்ந்துவிட்டதாம். ஒன்றிலிருந்து முப்பதுவரை. நாங்கள் தினமும் நங்கூரம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. தூரத்தில் இருப்பவை நன்றாக நிற்கின்றன.

வெயிலாக இருக்கும். இந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டது.

மார்ச் 8

மேடம் கரையில் எல்லோரையும் வைத்துக் கேட்டார், யாராவது எதையாவது பார்த்தீர்களா என்று. கபூர் பாய் நல்ல மனுஷர், பொய் சொல்ல மாட்டார். பார்த்ததைச் சொன்னார்.

"நாலஞ்சு தடவ நுரை பாத்தேன்மா. சோப்பு நுரை. அதுக்கு முன்னாடி ஒரு தடவ எண்ணெயும் மிதந்துச்சு. கிளமென்ட் அந்தப் பக்கம்தான் போட்டு கழுவுவான்."

கிளமென்ட் அண்ணன் நண்டு வலைக்காரர். ஐம்பது வயதிருக்கும். பைபர் படகு, வெளியே தொங்குகிற சின்ன மோட்டார், கூட அவர் மச்சான் ஒருவர். புல் நடும் இடத்துக்கு நடுவே அவருக்கு மட்டும் ஒரு தடம் விட்டிருக்கிறோம். அவர்தான் முதலில் நாற்று எடுக்கும் இடத்தைக் காட்டியவர்.

"நான் கழுவுறது ஆத்து வாயில. இங்க இல்ல" என்றார் அவர்.

"பின்ன நுரை எங்கருந்து வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் பழைய பில்டரைத் தூக்கிப்போட வேண்டியிருந்தது. போய்விட்டேன்.

மார்ச் 9

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 10

ஊர்க் கமிட்டி கிளமென்ட் அண்ணனின் தடத்தை மூடிவிட்டது. விசாரித்து முடிக்கும்வரை அவர் அந்தப் பக்கம் வலை விடக்கூடாது. மேடத்துக்கு மனசே இல்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் செத்துப்போன முப்பது சட்டத்துக்கும் பதில் வேண்டுமே.

மார்ச் 13

நல்ல வற்று, கடல் உள்வாங்கியிருந்தது. தண்ணீர் இடுப்புக்கும் கீழே. மேடம் பட்டணம் போயிருக்கிறார், படகு துறையில் நிற்கிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே போனேன். பதினொரு மாதமாக இதன் மேலேயே மிதந்திருக்கிறேன், ஒருநாளும் கால் வைத்ததில்லை.

நல்ல புல்லில் நடப்பது ஈரக் கூந்தலில் நடப்பது மாதிரி இருந்தது. கணுக்காலைச் சுற்றிக்கொண்டது, விட்டது, மறுபடி சுற்றிக்கொண்டது. சின்ன இறால்கள் பாதத்தில் தட்டித் தட்டி ஓடின. வெயில் தண்ணீருக்குள் வலை வலையாக ஆடியது. எங்கே போகிறேன் என்பதே மறந்துவிட்டது.

பிறகு கால் வழுக்கியது. முதல் வரிசை. ஒரு இலையை எடுத்து விரல்களுக்கு நடுவே இழுத்தேன். பழுப்புக் கூழாக வந்தது.

திரும்பிப் படகுக்கு வந்தேன். ஒரு தண்ணீர் பாட்டிலில் பில்ஜ் தண்ணீரைப் பிடித்து, மூடிக் குலுக்கினேன். கழுத்துவரை நுரை. வெகுநேரம் அடங்கவில்லை. சோப்பு எண்ணெயை எங்கேயும் கொண்டுபோகவில்லை. கண்ணுக்குத் தெரியாதபடி பொடிப்பொடியாக உடைத்துத் தண்ணீருக்குள் அனுப்பியிருக்கிறது. மேலே மிதந்து காற்றோடு போயிருக்கவேண்டியதை நான் கீழே இறக்கிவிட்டிருக்கிறேன்.

பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டேன்.

மார்ச் 14

முதல் வேலையாக மிதவை சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினேன். இனி பம்பு தானாக ஓடாது. சோப்புத் தண்ணீரைக் குவளையால் மொண்டு ஏழு கேன் கரைக்கு எடுத்துப்போனேன். நல்ல தண்ணீர் விட்டுப் பில்ஜை நான்குமுறை அலசி, அதையும் கரைக்கே எடுத்துப்போனேன். கபூர் பாய், "என்ன தங்கச்சி, பொங்கலுக்கு வீடு கழுவுற மாதிரி கழுவுற?" என்றார். "நாத்தம் பாய்" என்றேன்.

மயிர் எண்ணெயைப் பிடிக்கும், தண்ணீரை விட்டுவிடும் என்று லைசென்ஸ் வகுப்பில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. தொண்டியில் சலூன்காரர் ஒரு சாக்கு நிறைய வெட்டிய முடி கொடுத்தார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 15

பழைய வாயில் புடவையைக் கிழித்து, நீள நீளப் பைகளாகத் தைத்து, முடியை அடைத்தேன். ஆறு தலையணை. கறுப்பும் நரையும் மருதாணிச் சிவப்பும் கலந்த முடி. யார் யாருடைய தலையோ. கல்யாணத்துக்கு வெட்டிக்கொண்டவனுடையது இருக்கும், வேலை தேடிப் போகிறவனுடையது இருக்கும். மடியில் வைத்துத் தைக்கும்போது, ஊரே என் மடியில் தலைசாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தது.

மார்ச் 18

இன்ஜினுக்கு அடியில் நாலு விரல் உயர விளிம்புவைத்த தகரத் தட்டு. படகு ஆடினாலும் நகராதபடி இரண்டு பக்கமும் திருகி மாட்டியிருக்கிறேன். தட்டுக்குள் ஒரு தலையணை. பில்ஜில் இரண்டு. பம்பின் வாய்க்கு முன்னால் ஒன்று. தண்ணீரைக் கையால்தான் இறைக்கிறேன், பார்த்த பிறகுதான் இறைக்கிறேன். முதல் நாள் தலையணை கறுத்தது, மறுநாள் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. வெள்ளைத் துணியை முக்கி எடுத்தேன். கறையில்லை.

இப்போது ஒரு சொட்டும் வெளியே போவதில்லை. இனி எந்தச் சட்டமும் சாகாது. அப்படியானால் சரியாகிவிட்டதுதானே.

சரியாகிவிட்டது என்று மூன்று முறை எழுதி, இரண்டை அடித்திருக்கிறேன்.

மார்ச் 21

கிளமென்ட் அண்ணன் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மச்சான் தொண்டியில் ஒரு விசைப்படகுக்குப் போய்விட்டாராம். எத்தனை நாள் சும்மா இருப்பார்?

"பிரகாசி, நீ மெஷினத் தெரிஞ்சவ. என் மோட்டாரை ஒருதடவ பிரிச்சுப் பாரு. அதுலருந்து அம்புட்டு எண்ணெய் வருமான்னு பாத்துட்டு, நாளன்னைக்கு கமிட்டியில சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"பாக்குறேண்ணே."

"உனக்குச் சங்கடம்னா வேணாம்."

"சங்கடம் ஒண்ணும் இல்லண்ணே."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 22

அவர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷ மோட்டார். குழந்தையைக் குளிப்பாட்டி வைத்த மாதிரி வைத்திருக்கிறார். ஒரு போல்ட்டின் தலைகூடத் தேயவில்லை. படகில் சோப்பும் இல்லை. தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்ப்பாராம். ஏன் அண்ணே என்று கேட்டேன்.

"நண்டுக்குச் சோப்பு ஆகாதுல்ல" என்றார்.

மார்ச் 23

கூட்டம் மீன் ஏலக் கொட்டகையில். மேடம், கபூர் பாய், கமிட்டிக்காரர்கள் ஆறு பேர். கிளமென்ட் அண்ணன் தூணோரம் நின்றார். என்னை எழுப்பினார்கள்.

"அண்ணன் மோட்டார்ல கசிவு இல்ல. அவர் சோப்பும் போடுறது இல்ல. நான் பிரிச்சுப் பாத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொல்லவேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்திருந்தேன். உட்காரவும் போய்விட்டேன். கமிட்டித் தலைவர் தலையாட்டிவிட்டு, "சரி, அப்ப கடல்ல எண்ணெயும் சோப்பும் தானா முளைச்சுதா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கிளமென்ட் அண்ணனும் லேசாகச் சிரித்தார். ஒருவழியாக விட்டுவிட்டார்கள் என்கிற சிரிப்பு. அதைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

"எங்க போட்டுலருந்து வந்துச்சு. என் இன்ஜின்லருந்து. சீல் போயிருச்சு. எண்ணெய் தெரியக்கூடாதுன்னு பில்ஜுல சோப்புப்பொடி போட்டது நான்தான்."

என் குரல் வேறு யாருடையதோ போல, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல எனக்கே கேட்டது.

கபூர் பாய் எழுந்தார். "தங்கச்சி, நான் கேட்டேன்ல உன்னை? கேட்டப்ப வேற போட்டுன்னு சொன்னியே?"

"பொய் பாய்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று கிளமென்ட் அண்ணனை மாட்டிவிட்டது தன் வாய்தான் என்பதை நினைத்திருப்பார். மேடம் என்னைப் பார்க்கவில்லை. இன்ஜின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எல்லா நாளும் 'இல்லை'ன்னு இருக்கே."

"நான் எழுதினதுதான் மேடம்."

"ஏன் பிரகாசி?"

சீல், கியர் பெட்டி, இரண்டு வாரம், நானூறு சட்டம் என்று சொன்னேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அது இல்லை, நான் சொல்லவேண்டியதும் அது இல்லை.

திரும்பிப் பார்த்தபோது தூணோரம் யாரும் இல்லை.

மார்ச் 24

மேடம் வந்தார். "எந்தெந்தத் தேதி, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு பொடி? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல்லுங்க. எந்தச் சட்டம் எப்ப பாதிச்சுதுன்னு தெரிஞ்சா மத்ததைக் காப்பாத்தலாம்."

இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தேதி தேதியாகப் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். தில்லிக்காரர்கள் வந்துபோன பிப்ரவரி 19-ஐ எட்டியதும், "பொடி மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். அன்றைக்கு நான் வேறென்ன எழுதியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "சீல் போயிருச்சுன்னு பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தா, ரெண்டு வாரம் சும்மா உக்காந்திருப்போம். அவ்வளவுதான். அதுக்கு உங்களை நான் என்ன குறைவா நினைச்சிருப்பேன்?"

அவர் போன பிறகு வெகுநேரம் கதவு திறந்தே கிடந்தது.

மார்ச் 29

படகைக் கரையேற்றிவிட்டார்கள். தொண்டியிலிருந்து ஒருவர் வந்து சீல் மாற்றுகிறார். என் தகரத் தட்டையும் முடித் தலையணைகளையும் பார்த்துவிட்டு, இது யார் செய்தது, அப்படியே இருக்கட்டும் என்றாராம். கபூர் பாய் வந்து சொன்னார். பாய் அதைத்தான் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் வந்தார்.

இந்தப் பருவம் முழுக்க எனக்கு வேலை இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மேடம் காகிதத்தில் எழுதித் தந்திருக்கிறார். கிளமென்ட் அண்ணனின் தடம் திறந்துவிட்டது.

ஏப்ரல் 2

சத்தமில்லாத வீடு. காது இன்ஜினைத் தேடுகிறது. மிக்சி ஓடினால்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்கிறேன், சீராக ஓடுகிறதா என்று.

ஏப்ரல் 6

கிளமென்ட் அண்ணன். வாசலுக்கு வெளியே நின்றே பேசினார்.

"மச்சான் வர மாட்டேங்குறான். அங்கயே நிக்கிறானாம். வலை இழுக்க ஆள் இல்ல."

நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"உன்னாலதான அவன் போனான். அப்ப நீதான் வரணும். காலையில அஞ்சரை. வளையலைக் கழட்டிட்டு வா, வலையில மாட்டும்."

ஏப்ரல் 7

விடிந்தும் விடியாத நேரம். கடல்மேல் புகைபோல ஒரு மூட்டம். தடத்தின் வாயில் அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளினார். புல்லுக்கு மேலே எந்த மோட்டாரும் வேண்டாமாம், அவர் வழக்கம் அது. இன்ஜின் ஓடாத படகில் நான் போனதே இல்லை. கழி தண்ணீரைத் தொடுகிற சத்தம், எடுக்கிற சத்தம், அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். மூட்டத்துக்குள் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. கரை இல்லை, வானம் இல்லை, படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது.

சூரியன் வந்ததும் மூட்டம் கிழிந்து, வலையின் மிதவைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் கழியைப் படுக்கவைத்துவிட்டு வலையின் தலைக்கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"கோபமா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்" என்றார். "இழு."

இழுத்தேன்.